சாலிஹ் காக்கா சொன்ன உயரம்

நிந்தவூர் கடற்கரையில் ஐஸ் விற்கும் சாலிஹிடம் வழி கேட்டு யாரும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. தபால் கந்தோரைக் கேட்டால் மையத்து அடக்கும் மையவாடிப் பக்கம் கை நீட்டுவார். புதிதாக வந்த கிராம சேவகரையே அரை நாள் சந்தைக்குள் சுற்றவிட்டவர். கேட்டவர் போனதும் அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். "என்னத்துக்குக் கேக்கிறான்?" என்பதுதான் அவருடைய வாயில் அதிகம் வரும் வசனம். மனைவி ஸுல்பிகா, உப்பு எங்கே என்று கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது என்பாள்.

காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டாலும் நாங்கள் எல்லோரும் அவரைப் பகிடி பண்ணியவர்கள்தான். ஆனால் அதற்கு முன்னே நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, அவருக்கு இருபத்தொரு வயது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் முகம்மது தம்பியின் வீடு எது என்று அவரிடம் கேட்டார்கள். முகம்மது தம்பி, சாலிஹின் மூத்த சகோதரியான லாத்தாவைக் கட்டியவர். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இவரும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய், கேற்றைத் தட்டியும் கொடுத்தார். அன்று அவர்களோடு போன மச்சான் திரும்பி வரவேயில்லை. கூட்டிப்போனவர்கள் யார் என்று இன்றைக்கும் தெரியாது. லாத்தா அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

போன ஜனவரியில் ஒரு நாள் கல்முனையிலிருந்து ஜீவராஜ் போன் எடுத்தான். சாலிஹின் மகளுடைய கலியாணத்துக்குப் படம் பிடித்தவன்.

"காக்கா, ஒரு உதவி. உங்கட கடற்கரையில உசரமா என்னென்ன இரிக்கு?"

"என்னத்துக்குக் கேக்கிறாய்?"

"கொழும்புப் பல் டொக்டர் ஒராள் சொந்தமா சின்ன பிளேன் வெச்சிரிக்கார். அவரோட மேல போய்க் கரையைப் படம் பிடிக்கப் போறன். புதுசா எழும்பினது அவர்ர மெப்பில இரிக்காதாம். ஊருக்கு ஒராளிட்டக் கேட்டு எழுதிறன்."

சாலிஹுக்குச் சந்தேகம் தட்டியது. நம் கரையில் எது எவ்வளவு உயரம் என்று ஆகாயத்தில் போகிறவனுக்கு என்ன கணக்கு? ஈஸ்டர் ஞாயிறன்று குண்டுகள் வெடித்த அந்த வருஷத்துக்குப் பிறகு வீடு வீடாக வந்தவர்களும் பள்ளிவாசலைப் பற்றித்தானே கேட்டார்கள்? இவன் நேரில் வராமல் ஏன் போனில் கேட்கிறான்?

"பள்ளி மினாரா மட்டும்தான் தம்பி. எழுவது அடி வரும். வேற ஒண்டுமில்ல."

அவர் அதைச் சொல்லும்போது ஐஸ் விற்கும் கொட்டிலான வாடிக்குப் பின்னால், தென்னைகளுக்கு மேலே, இரண்டு மாதத்துக்கு முன் எழுப்பிய தொலைபேசிக் கோபுரம் நின்றுகொண்டிருந்தது. இருநூறு அடி. உச்சி விளக்குக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. போனை வைத்துவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ஒருவனைச் சமாளித்த திருப்தியோடு தேத்தண்ணி குடித்தார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன விமானம் மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்து, மிக உயரத்திலேயே தெற்கே போனது. "போறாங்க, எண்ணிக்கொண்டு போறாங்க" என்று முணுமுணுத்தபடி சாலிஹ் ஐஸ் கட்டிகளுக்கு உமி போட்டார். அரை மணித்தியாலத்தில் வானம் இறங்கிவிட்டது. கடலிலிருந்து தூறலும் பனிமூட்டம்போல் புகாருமாக வந்து, முதலில் மினாராவை மூடியது. பிறகு கோபுரத்தின் மேல்பாதியைக் காணவில்லை. கடலுக்குப் போகவிருந்த தோணிகள் கரையிலேயே நின்றன.

அப்போது பாலமுனைப் பக்கம் அந்த இரைச்சல் கேட்டது. மிகத் தாழ்வாக. கடலுக்குள் போய், திரும்பி, மறுபடியும் கரைக்கு வந்து ஒரே இடத்தைச் சுற்றியது.

"வழி தெரியாமச் சுத்திறான் போல" என்றாள் ஸுல்பிகா.

சாலிஹ் வெளியே வந்து இரைச்சல் வந்த பக்கம் பார்த்தார். எங்கள் தோணிக்காரர்கள் புகாரில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும்: கரையில் அடிக்கும் வெள்ளை நுரையைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்வார்கள். இவனும் அதைத்தான் செய்வான். நுரையைப் பார்த்துப் பார்த்துக் கரையோரமாகவே வடக்கே வருவான். மினாராவைத் தவிர தடை ஒன்றும் இல்லையென்று எழுதிக் கையில் வைத்திருக்கிறான்.

போன் எடுத்தார். மணி அடித்தது, ஜீவராஜ் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை.

"எழுதி அனுப்புங்க" என்றாள் ஸுல்பிகா.

"எழுத்தில குடுத்தா நாளைக்குப் பொலிஸில காட்டுவான். ஏன் பொய் சொன்னாய் எண்டு கேப்பாங்க."

"கேக்கட்டும்! ரெண்டு உசிரு மேல நிக்குது!"

அவர் மனதில் அப்போது மச்சான் வீட்டுக் கேற்றுத்தான் நின்றதாம். அன்று உண்மை சொல்லி ஓர் ஆளை அனுப்பினேன், இன்று பொய் சொல்லி இரண்டு பேரை அனுப்பப் போகிறேனா? ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக எழுதினார்.

"ஜீவராஜ் கரையில கோபுரம் இரிக்கு. 200 அடி. லைட் இல்ல. நான் பொய் சொன்னன். கடல் பக்கம் போங்க. சாலிஹ்."

அனுப்பி முடிக்க, இரைச்சல் சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராக வந்தது. கரையோரமாக, பெருகிப் பெருகி. சாலிஹ் கோபுரத்தடிக்கு ஓடிப் போய் அண்ணாந்து பார்த்தார். வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று கத்தினார். சத்தம் தென்னைகளை ஆட்டுமளவுக்கு வந்து, திடீரென்று கிழக்கே சாய்ந்தது. ஒரு சிறகின் நுனி கடலுக்கு மேலே தெரிந்து மறைந்தது. அவர் மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பார்த்தேன். பகிடி பண்ண எனக்கு வாய் வரவில்லை.

விமானம் மட்டக்களப்பில் பத்திரமாக இறங்கியது. பின்னேரம் ஜீவராஜ் ஐஸ் வாடிக்கு வந்தான். வந்ததும் கோபுரத்தைத்தான் உச்சிவரை பார்த்தான்.

"உங்கட மெசேஜை டொக்டர் நம்பயில்ல காக்கா. அண்டைக்கு இல்லையெண்ட மனுசன் இண்டைக்கு இரிக்கெண்டா எதை நம்பிற, நம்மளக் கடலுக்குள்ள தள்ளப் பாக்கிறானோ எண்டு கேட்டார்."

"பொறகு?"

"நான் சொன்னன், பொய் சொல்றவன் ஆயிரம் பேர் இரிக்கான் டொக்டர், 'நான் பொய் சொன்னன்' எண்டு பேர் போட்டு எழுதிறவன் இல்ல, திருப்புங்க எண்டு." கோபுரத்தை மறுபடியும் பார்த்தான். "எனக்கு ரெண்டு புள்ளைகள் காக்கா. ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

சாலிஹ் முகம்மது தம்பியின் கதையைச் சொன்னார். வெளியூரான் ஒருவனிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜீவராஜ் கடைசிவரை கேட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து உயரங்களை எழுதிவைத்த கொப்பியை எடுத்தான்.

"மினாரா எழுவது அடி எண்டீங்க. அதுவாவது சரியா?"

சாலிஹ் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, எழுபதை வெட்டிவிட்டு நூற்றுப்பத்து என்று எழுதினார். அதன் கீழே கோபுரத்தையும் இருநூறு அடி என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் போட்டார். கொப்பியை உடனே கொடுத்துவிடவில்லை.

"இப்ப சொல்லு தம்பி," என்றார், "இதெல்லாம் என்னத்துக்குக் கேக்கிறாய்?"