பொலிஸுக்குக் காட்டிய கல்யாண வீடியோ

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை வீடியோ கமராவோடு வெள்ளவத்தை றோட்டில் இறங்குவதும், சும்மா நிற்கிற பொலிஸைக் கூப்பிட்டு "என்னைப் பிடியுங்கோ" என்று சொல்வதும் ஒன்றுதான். நான் இறங்கினேன். பயம் இல்லாமல் அல்ல. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்; கோபம் வந்துவிட்டால் நான் யார் சொல்லும் கேட்க மாட்டேன்.

படம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். என்னுடையது கொழும்பில் அறை தேடி அலையும் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனின் கதை. நடிக்க வந்தவனுக்கும் அதேதான் வாழ்க்கை. என் வகுப்பில் படித்தவன். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடி கண்ணில் படுவதற்கு முன்னமே அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிடுவான். அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே ஆட்களை உள்ளே போட்ட காலம் அது.

கமரா எங்கள் ஒழுங்கை முனையில் கல்யாண வீடியோக் கடை வைத்திருந்த அண்ணையுடையது. கல்யாணம் இல்லாத நாட்களில் கமராவோடு தானும் வருவதாகச் சொன்னார். வழியும் அவர்தான் சொல்லித் தந்தார்.

"தங்கச்சி, கமராவோட போனாப் பிடிப்பாங்கள். கலியாணத்தோட போனா ஒருத்தனும் கேளான்."

உண்மைதான். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை பொம்பிளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நடக்கவிட்டு வீடியோ எடுப்பது அப்போது எங்கள் ஆட்களின் வழக்கம். காவலில் நிற்கிற ஆமிக்காரருக்கும் அது பழகிப்போயிருந்தது. நான் அம்மாவின் கல்யாணக் கூறைச்சேலையை அலுமாரியிலிருந்து களவாக எடுத்து உடுத்தேன். அவன் பட்டு வேட்டி கட்டி, கடையில் இருந்த தலைப்பாகையையும் வைத்துக்கொண்டான். தண்டவாளத்தைக் கடக்கும்போது காவலில் நின்றவன் எங்களைப் பார்த்துச் சிரித்து, சிங்களத்தில் வாழ்த்தும் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைக் கல்யாணப் பொம்பிளையின் வெட்கம் என்று நினைத்திருப்பான்.

ஒப்புக்குக் கொஞ்ச நேரம் இருவரும் கைகோத்து நடந்தோம். அண்ணை அதையும் எடுத்தார். பிறகு அவன் பாறைகளுக்குப் பின்னால் போய்ச் சேட்டும் காற்சட்டையும் மாற்றிக்கொண்டு வந்தான். என் படத்துக்கு வேண்டிய ஓட்டத்தை ஓடினான். எல்லாம் ஒரே கசெட்டில்.

அதற்குள் பாமன்கடையில் இருக்கும் அம்மாவின் சிநேகிதி ஒருத்தி என்னைக் கண்டுவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே எனக்குக் கல்யாணம் முடிந்த செய்தி அங்கே போய்விட்டது. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் பிரம்பும் அம்மாதான், பாசமும் அம்மாதான். அன்றைக்குப் பிரம்பு.

"ஆற்ற பொடியன் அவன்? என்ர கூறையைக் கட்டிக்கொண்டு ஊர் சிரிக்கத் திரியிறியோ?"

படத்துக்கு என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. அம்மா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டா.

அடுத்த நாள் கடையில் கசெட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. அவன் ஓடும் காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அவனுக்குப் பின்னால் மண்மூட்டைகள், காவலரண், துவக்கோடு நின்ற ஆள், ரயில் பாலம், எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. எடுக்கும்போது நாங்கள் மூன்று பேருமே அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலத்தை வேவு பார்த்தார்கள் என்று சொல்ல இதைவிட வேறு ஒன்றும் தேவையில்லை. அண்ணை எழும்பிப்போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

அழிப்பதா, விடுவதா என்று நான் முடிவெடுக்க முன்னம் பொலிஸ்காரர் லொட்ஜைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவனையும் கொண்டுபோய்விட்டார்கள். காரணம் படம் அல்ல, பிறந்த இடம்தான். லொட்ஜ் மனேஜர் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். கொழும்பில் அவன் கொடுத்து வைத்திருந்த ஒரே நம்பர் அதுதான். உறவினர் யாராவது வந்து பொறுப்பெடுக்காவிட்டால் நாளைக்குப் பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். மேலிடத்துக்குப் போனவர்களை யாரிடம் கேட்பது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

போனை வைத்துவிட்டு, கேட்டதை அம்மாவிடம் சொல்லிச் சுவரோடு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தா. கதைக்காமல் இருந்தவ கதைத்தா.

"வெளிக்கிடு. மருமகன் எண்டு சொல்லுவம்."

பொலிஸ் நிலையத்தில் அம்மா அழுத அழுகைக்கு ஈடாக எந்த நடிகையையும் சொல்ல மாட்டேன். "மாத்தையா, எங்கட பிள்ளை மாத்தையா" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மன்றாடினா. பொறுப்பதிகாரி மரியாதையான மனுசன். கல்யாணப் பதிவு எங்கே என்று கேட்டார். கோயிலில் தாலி மட்டும்தான் கட்டியது, எழுத்து இனித்தான் என்றா அம்மா. அப்படியென்றால் படம் இருக்குமே, தமிழ் ஆட்கள் படம் எடுக்காமல் கல்யாணம் செய்வதில்லையே என்று அவர் சிரித்தார்.

"வீடியோவே இருக்கு" என்று சொல்லிவிட்டா அம்மா.

நாளைக்குக் காலையில் கொண்டு வா என்றார் அவர். அந்தக் கசெட்டில் நாங்கள் கைகோத்து நடந்து முடிந்த கையோடு காவலரண் வரும் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

மின்வெட்டுக் காலம். மின்சாரம் நிற்க முன்னம் முடிக்க வேண்டும். அண்ணையின் கடையில் இருந்தது இரண்டு வீடியோ டெக்கும் படங்களைக் கலந்து ஒட்டும் ஒரு சின்ன மிக்ஸரும்தான். ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிய வேண்டும். பதியும் டெக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே பட்டனை அமத்த வேண்டும். நான் பிந்தி அமத்தியதால் முதல் முறை பிழைத்துப்போனது. இரண்டாம் முறை காவலரணின் ஒரு மூலை ஒரு கணம் விழுந்துவிட்டது. அண்ணை கசெட்டைத் திருப்பிச் சுற்றினார்.

கைகோத்து நடந்ததை மட்டும் காட்டினால் கல்யாணம் ஆகிவிடுமா? தாலி வேண்டும். அண்ணை தன் பழைய கசெட்டுகளைக் கிளறி ஒன்றை எடுத்தார். அதில் பொம்பிளை குனிந்த தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைத் தலைப்பாகையும் சுற்றி நின்ற பெண்களும் மறைத்துவிட்டார்கள். அரக்குக் கூறை, அம்மாவின் கூறையைப் போலவே. ஒட்டிய இடத்தில் படம் துள்ளியது. அதை மறைக்க மிக்ஸரில் இருந்த இதய வடிவத்தைப் போட்டேன்: இதயம் ஒன்று விரிந்து படத்தை விழுங்கி அடுத்ததைக் கக்கும். கல்யாண வீடியோக்களில் அதைக் கண்டு நான் எவ்வளவு நக்கலடித்திருக்கிறேன்! அன்றைக்கு அந்த இதயத்தைக் கும்பிட்டேன்.

பிறகு கமராவின் மூடியைப் போட்டு, மூலக் கசெட்டைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டு, அதன்மேல் கறுப்பைப் பதிந்து அழித்தேன். என் படம் அதோடு சரி. அப்போது அதைப்பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

காலையில் பொறுப்பதிகாரியின் அறையில், கிரிக்கெட் பார்க்க வைத்திருந்த டீவியில் அது ஓடியது. வகுப்பு ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய என் கைவேலையை ஒரு பொலிஸ்காரர் பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்த்தார். இதயம் வந்தபோது சிரித்தார். தாலி கட்டும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். திருப்பிப் போடச் சொன்னார். திரையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரரைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

"என்ர மூத்த அண்ணர்" என்றா அம்மா. கண்ணும் இமைக்கவில்லை. அந்த மனுசன் யாரென்று அண்ணைக்கே ஞாபகமில்லை.

அவனை விட்டார்கள். ஒரு நிபந்தனையோடு: லொட்ஜில் அல்ல, மனைவி வீட்டில்தான் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமென்றாலும் வந்து பார்ப்பார்கள்.

அப்படி எங்கள் முன்னறைக்கு வந்தான். ஒரு காது கேட்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் மூன்று பேரும் எழும்பி நிற்போம்; நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். பொலிஸ் போன பிறகும் சில நேரம் அப்படியே நிற்போம். அம்மா மீன் பொரித்தால் பெரிய துண்டு அவனுக்குத்தான் போகும். "மருமகன்" என்று பகிடியாகக் கூப்பிடத் தொடங்கியவ, பிறகு பகிடி இல்லாமலும் கூப்பிட்டா. எனக்கு அது பிடித்திருந்தது. அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. பயம் குறையட்டும், சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒரு காலை, லொட்ஜில் கிடக்கும் உடுப்பை எடுத்துவருகிறேன் என்று கொட்டாஞ்சேனைக்குப் போனான். திரும்பி வரவில்லை. லொட்ஜுக்கும் வரவில்லை என்றார்கள். தெரிந்த இடமெல்லாம் அம்மா ஏறி இறங்கினா. ஒருவரும் கொண்டுபோனதாகச் சொல்லவில்லை, ஒருவரும் கண்டதாகவும் சொல்லவில்லை.

அடுத்த முறை பொலிஸ் வந்தபோது புதிய ஆள் ஒருவர் வாசலில் நின்று, புருசன் எங்கே என்று என்னைக் கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா முன்னமே சொல்லித் தந்திருந்தா: ஹெந்தளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் வாயில் அது வரவில்லை. தெரியாது, வீட்டுக்கு வரவில்லை, எங்கே என்று தெரியாது என்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுகை வெடித்தது. நிலத்தில் இருந்துவிட்டேன். வந்தவர் தொப்பியைக் கழற்றினார், அம்மாவைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பெரிய மூச்சு விட்டா.

"நல்ல வேளை, நல்லா நடிச்சாய் பிள்ளை" என்றா. பிறகு நான் நிலத்திலிருந்து எழும்பாததைக் கண்டு, பக்கத்தில் வந்து இருந்தா.