ஓடாத வண்டியின் சத்தம்

எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பார்த்த அந்த மாடி வீட்டை என் வீட்டுக்காரர்தான் தேடிப் பிடித்தார். நாங்கள் இருந்தது திருவொற்றியூர்ப் பக்கம். எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்புறம் கடல். கேட்கிறவர்களுக்குக் கடல் பார்த்த வீடு என்று ஆசையாக இருக்கும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. சாமான் இறக்கி முடிப்பதற்குள் ஹார்பருக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கடல் மறைந்துவிட்டது. ஜன்னல் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கண்டெய்னர் பெட்டிகள்தான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு லாரியும் ஒரு வீடு நீளம். வரிசையின் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. எல்லாம் நின்றுகொண்டிருந்தன, எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திட்டில் வைத்த டம்ளரில் தண்ணீர் தானாக வளையம் வளையமாக நடுங்கியது. சுவரில் கை வைத்தால் சுவரும் நடுங்கியது. அப்போது நடை பழகிக்கொண்டிருந்த என் மகள் தரையில் உள்ளங்கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் ஒரு டிரெய்லர் ஓட்டுகிறவர். வீட்டை அங்கே பிடித்ததற்குக் காரணமே அதுதான். லைன் மணிக்கணக்காக நிற்கும். வண்டி வீட்டுப் பக்கம் வந்து நின்றால் இறங்கி வந்து சாப்பிடலாம், பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சலாம், லைன் நகர்ந்தால் ஓடிப் போய் ஏறிக்கொள்ளலாம். "மத்தவன்லாம் பொண்டாட்டி புள்ள மூஞ்சிய வாரத்துக்கு ஒருக்கா பாக்குறான். நா லைன்ல கீறப்பவே பாத்துக்குறேன்," என்பார். சொல்லும்போது ஏதோ லாட்டரி அடித்த முகம்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். வியாசர்பாடியில் என் அம்மா வீட்டில் ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் கண்ணை மூடவே இல்லை. ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கேட்டதற்கு, "சத்தமே இல்லடி. காது கொய்யுனுது, தூக்கம் வர மாட்டேன்னுது," என்றார். எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் லைன் நின்றிருந்தது. பாயில் சாய்ந்தவர் அடுத்த நிமிடம் குறட்டை. இத்தனை வருஷம் உறுமுகிற வண்டிக்குள்ளேயே படுத்து எழுந்தவரின் உடம்பு, உறுமல் இருந்தால்தான் பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பிவிட்டது. மனிதனின் உடம்பு எதை எதையெல்லாம் பழகிக்கொள்கிறது என்று மலைத்துப்போனேன். இப்போது நாங்கள் அந்த வீட்டில் இல்லை, ரயில்வே கேட் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறோம். அவர் வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், வந்தாலும் சரியாகத் தூங்குவதில்லை.

ஓடாத வண்டிக்கு இன்ஜின் எதற்கு ஓட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். பதில்கள் தயாராக இருந்தன. பேட்டரி கிழடு, ஒரு தடவை அணைத்தால் செல்ஃப் எடுக்காது. பிரேக்குக்கு ஏர் இறங்கிவிடும். லைன் நகரும்போது வண்டி எழாவிட்டால் பக்கத்தில் எவனாவது மூக்கை நுழைத்துவிடுவான். புது பேட்டரி வாங்கித் தர முதலாளிக்கு மனசு வராது. அந்த முதலாளி ஓடுகிற தூரத்துக்குத்தான் டீசல் கணக்கு வைப்பார். நிற்கிற வண்டி குடிக்கிற டீசல் இவருடைய படிக்காசில் கழியும். இதைச் சொல்லும்போதும் அவருக்குக் கோபம் வராது. மழை பெய்தால் நனைவோம் என்கிற மாதிரிச் சொல்வார்.

நான் ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீஸில் டைப் அடிக்கிறவள். அங்கே ஒரு பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் ஒரு பெட்டி நின்றுவிடும். ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "நிக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்," என்போம். அந்த "நிக்கட்டும்" என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து புகைவிடும் என்று ஆபீஸில் யாருக்குத் தெரியும்.

துணி உலர்த்தினால் கொடியின் தடத்தில் கறுப்புக் கோடு விழும். தயிர் சாதத்தைத் திறந்து வைக்க முடியாது. பாப்பாவுக்கு மூக்கைத் துடைத்தால் துணியில் மை. இதெல்லாம் வடசென்னையில் பெரிய விஷயமில்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தினமும் பெருக்குகிற ஊர்க்காரர்கள் அத்திப்பட்டில் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லித்தான் நானும் துடைத்துக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு மூன்று வயது ஆகும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து ஆவி மாதிரி மருந்து கொடுத்தார்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பார்களா என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது லைன் நின்றிருந்தது. ஒவ்வொரு லாரியின் வயிற்றிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. அந்த வரிசையைக் கடந்து முடிக்கிற வரைக்கும் நான் டாக்டரம்மாவுக்குச் சொன்ன பதிலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் சொன்னேன். வீடு மாறலாம், உள்ளே ஓர் இடம் பார்த்திருக்கிறேன் என்றேன். "சளிடி. எந்தக் கொயந்தைக்கு சளி இல்ல? எனக்குந்தான் இருந்துச்சு, இப்ப இன்னா செத்தா பூட்டேன்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மகள் மேல் உயிர். அந்த உயிரால்தான் ரோட்டு வீட்டை விட மனசில்லை. உள்ளே போனால் மகளை எப்போது பார்ப்பது?

அந்த வீட்டில் ஒரு மூச்சு இழுப்பதைக் காதால் கேட்க முடியாது. நான் உள்ளங்கையால்தான் தெரிந்துகொள்வேன். பாப்பாவின் முதுகில் கை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஏதோ ஓடும். அவர் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். "நீயே பாரு." கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே பார்த்தார். "ஒண்ணியும் தெர்லியே," என்றார். பொய்யில்லை. வருஷக்கணக்காக ஸ்டியரிங் உதறி உதறி அந்தக் கை மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் அவர் லைனில் இருப்பார். காதும் போய், கையும் போய், இந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஆபீஸ் லீவு. காசிமேட்டில் வாங்கிய சங்கரா மீனைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே பாப்பாவுக்கு முடியவில்லை. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது, தொண்டைக்குக் கீழே குழி விழுந்தது, நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. மருந்து கொடுத்திருந்தேன். அப்போது லைன் ஊர்ந்து வந்து நின்றது. அவருடைய வண்டி, அத்தனை நாளில் முதல் தடவையாக, சரியாக எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா வண்டி," என்றாள். அதைச் சொல்லவே இரண்டு மூச்சு வாங்கினாள்.

படியேறி வந்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பாத்தியா, வூட்டு வாசல்லயே வுட்டுட்டான். முன்னாடி எங்கியோ அடைச்சிகினு கீது. இன்னைக்கு லைன் நவுராதுன்றாங்க," என்றார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பாப்பாவை எதிரில் உட்காரவைத்து, முள் எடுத்து ஊட்டப் பார்த்தார். கீழேயிருந்து சைலன்சர் சூடு நேராக உள்ளே ஏறியது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வாடை போகவில்லை.

"போய் வண்டிய ஆஃப் பண்ணிட்டு வந்து துன்னு," என்றேன்.

"ஆஃப் பண்ணா எயுப்ப முடியாதுடி."

"லைன் நவுராதுன்னு நீதான சொன்ன?"

"அதுக்கோசரம்?" என்று சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தார்.

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். ரோட்டில் வெயிலும் லாரிச் சூடும் சேர்ந்து முகத்தில் அடித்தன. டிரெய்லர் கேபினுக்கு ஏறுகிற படி என் இடுப்பு உயரம். கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன். அவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி, ஸ்டியரிங், மாட்டியிருந்த சாமிப்படம் எல்லாம் உதறிக்கொண்டிருந்தன. என் பல்லும் உதறியது. இதற்குள்ளேயா இந்த மனிதர் வாழ்கிறார் என்று ஒரு கணம் கோபம் மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

பின்வண்டி டிரைவர் தலையை நீட்டினார். "யக்கா, இன்னா பண்ட்ட? அண்ணன் எங்க?"

"மேல துன்னுகினு கீறாரு. கொயந்தைக்கு மூச்சு வுட முடில," என்றேன். குரல் சண்டைக்குப் போகிற குரலாகத்தான் வந்தது.

அவர் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். அடுத்து அவருடைய இன்ஜின் அடங்கியது. கதவில் கையால் தட்டி, பின்னால் நின்ற வண்டியைப் பார்த்துக் கத்தினார். "ஆஃப் பண்ணுடா. கொயந்தைக்கு முடிலயாம்." அந்த வண்டிக்காரர் அடுத்தவரிடம் சொன்னார். முன்னால் இருந்த வண்டியும் அடங்கியது. இப்படி ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போனது. எதுவரைக்கும் போனது என்று எனக்குத் தெரியாது. தூரத்தில் யாரோ ஒருவர் அணைக்கவே இல்லை, அந்த ஒரு உறுமல் மட்டும் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கேபின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கல்லில் அலை மோதுவது கேட்டது. கடல் சத்தம் எனக்குப் புதிதில்லை. ரோட்டைத் தாண்டிக் கரையில் போய் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் இத்தனை பெரிய வண்டிகள் முன்னாலும் பின்னாலும் நிற்க, அவற்றுக்கு நடுவில் அலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரென்றே தெரியாத என் மகளுக்காக, செல்ஃப் எடுக்குமோ எடுக்காதோ என்ற பயத்தோடு, இத்தனை பேர் அணைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மாடிப்படியில் ஏறும்போது அவரோடு போடப்போகிற சண்டையை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே ஏறினேன். உள்ளே போனால் அவர் சாப்பிடவில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சத்தம் அது?" என்றார்.

வண்டியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் பாப்பாவின் மார்பைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கும் கேட்டது. உள்ளே இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில். வெளியே விடும்போது இன்னும் நீளமாக, நடுவில் கீச்சிட்டு, கடைசியில் நுரைக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் விசில். கையால் மட்டும் தெரிந்துவைத்திருந்ததை அந்த வீட்டில் நான் காதால் கேட்டதே இல்லை. ஒரு சாண் மார்பு. அதிலிருந்து வந்த சத்தம் வீடு முழுக்க இருந்தது.

அவர் குனிந்து பாப்பாவின் முதுகில் காதை வைத்தார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை. தாடி குத்தியதில் அவள் நெளிந்து சிரித்தாள். சிரிப்பும் பாதியில் விசிலாகப் போனது.

"தெனமும் இப்டியா?"

"தெனமும்."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அடுக்கி வைத்திருந்த சண்டையில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் மாசக்கணக்கில் கத்திப் புரியவைக்க முடியாததைச் சத்தம் இல்லாத கொஞ்ச நேரம் புரியவைத்துவிட்டதே என்று பிரமித்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

முன்னாலிருந்து ஹாரன் கேட்டது. நகராது என்ற லைன் நகர்ந்துவிட்டது. அவர் கையைக் கழுவிக்கொண்டு கீழே ஓடினார். நான் ஜன்னலைத் திறந்து பழக்கத்தில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எப்போதும் அப்பாவுக்கு டாட்டா காட்டுவாள்.

அவர் கேபினில் ஏறி உட்கார்ந்தார். முன்வண்டி போய்விட்டது. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. இவருடைய வண்டி மட்டும் எழவில்லை. செல்ஃப் எடுக்கவில்லை, என்னால் வந்த வினை என்று நினைத்தேன். பார்த்தால் அவர் கை சாவி மேல் இருக்கிறது, திருப்பவே இல்லை. எங்களை அண்ணாந்து பார்த்துக் கையை வீசினார். பாப்பா டாட்டா என்று நினைத்து அவளும் வீசினாள். பக்கத்திலிருந்து ஒரு லாரி காலி இடத்தில் மூக்கை நுழைத்தது. அதையும் பார்த்தார், விட்டுவிட்டார். பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"அவள உள்ள தூக்கினு போ. பின்பக்கம் போ."

நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம்தான் கீழே அவர் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.