புகை போட்ட விதை

பெருமாள்மலை முக்கில், டீக்கடை மாடியில் எனக்கு வேலை. மேல்மலைப் பூண்டுக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு ஸ்டைல்ஷீட் எழுதிக் கொடுத்திருந்தேன். கீழே கிடங்குக்கு வரும் மூட்டைகளின் விவரம் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பாக வரும்: எந்த ஊர், புகை போட்டதா, விதைக்கா. அதைப் படித்து, இணையப் பக்கத்தில் மூட்டைக்கு ஒரு தலைப்பிடுவது ஸ்டைல்ஷீட்டின் வேலை. புகை போட்டதா? ஆம் என்றால் ‘சமையலுக்கு’. இல்லையா, விதைக்கா? ஆம் என்றால் ‘விதைக்கு’. எதிலும் சேராதது ‘கேட்டு வாங்கவும்’. புகை போட்டதைத்தான் டவுனில் தேடுகிறார்கள், அந்தக் கேள்வியை முதலில் வை என்றது சங்கம். வைத்தேன். மேகம் ஏறியது, இறங்கியது, பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் பூண்டு போடும் அம்மா ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“ஏண்ணே, நடவுக்கு வச்சத கொழம்புல போடச் சொல்லிட்டீங்களா? வேன்காரன் டவுனுக்கு ஏத்துறான். சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான், போன்ல சமையலுக்குன்னு கெடக்காம்!”

“புகை போட்டதாங்க?”

“பின்ன? அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டாத்தான விதை கெடாம நிக்கும்.”

அவருடைய மூட்டை இரண்டு கேள்விக்கும் ஆம். ஆனால் முதல் ஆமிலேயே கணினி நின்றுவிடும், அடுத்ததைக் கேட்காது. அதைச் சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரரு மாதிரி. பாதியிலேயே எந்திரிச்சுப் போயிருவாரு. வெரசா மாத்துங்கண்ணே, விதை போச்சுன்னா இந்தப் போகம் காடு சும்மா கெடக்கும்.”

இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வைக்கலாம். வைத்தால் இரண்டு தலைப்பும் விழும். வேன்காரர் அப்போதும் ஏற்றுவார். விதைக் கேள்வியை வெட்டி மேலே ஒட்டினேன். சேமித்தேன். பக்கம் மாறியது.

ஜன்னல் வழியாக அந்த அம்மா கத்தினார்: “ஏலே, இப்பப் பாரு!”

கீழே வேன்காரர் போனை மேகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சிக்னல் இல்லாமல் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“விதைன்னு வந்துருச்சுக்கா!”

“அதத்தானலே அப்பயிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!”

வேன்காரர் மூட்டையை இறக்கி வைத்தார். அந்த அம்மா படியிறங்கிப் போய் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார், வேன் வளைவில் மறையும் வரை.