எண்ணெய் வைத்த தலை

ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்ததில் என் தலையில் பெரிய காயமில்லை. ஆனால் அடுப்பில் வைத்த பாலை மறந்தேன், பேசும்போது பாதிச் சொற்கள் வர மறுத்தன. ஞாபகம் தேற டாக்டர் ஒரு தலைப்பட்டை கொடுத்தனுப்பினார். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் செருகி அதைத் தலையில் மாட்டினால் மெல்லிய மின்சாரம் ஏறும். அந்த இருபது நிமிடமும் டேப்லெட்டில் வரும் படங்களை நினைவில் வைத்து ஜோடி சேர்க்க வேண்டும்.

தினமும் காலையில் துபாயிலிருந்து என் கணவர் வீடியோ காலில் வந்து காவல் இருப்பார். சன்னலுக்கு வெளியே சாரல் அடிக்கும். கொஞ்சம் திரும்பினால் போதும். "அங்கன என்ன பார்வை? நேத்தைக்கு விட மார்க்கு குறையுது" என்பார். எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாது.

ஒருநாள் மாமியார், "கரண்டு ஏறுதுல்லா, தலை சூடாயிரும்" என்று சொல்லி என் உச்சந்தலையில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டார். பட்டையை மாட்டியதும், பஞ்சு தோலில் படவில்லை என்று கருவி கத்தியது. எவ்வளவு துடைத்தும் ஓடவில்லை. கணவர் தன் அம்மாவைச் சத்தம் போட்டுவிட்டுப் போனை வைத்தார். நான் வாசலில் போய் நின்று சாரலில் ஆசை தீர நனைந்தேன்.

பயந்துபோன மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அந்த இடத்தை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மறுநாள் காலை, பட்டையை மாட்டும் நேரத்துக்கு முன்பே, நேரே போய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து மாமியார் முன்னால் தலையைக் காட்டி உட்கார்ந்தேன்.