மாடி இல்லாத படகு

தபீதாள் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது 1964-இல், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில். அம்மாவும் நானும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் சித்தி மகன் ஏசுதாசன் மாமா, என் அண்ணன் எலியேசருக்குப் பெண் பார்த்துவிட்டு நேரே அங்கேதான் வந்தார்.

"பொண்ணு பேரு தபீதாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். ராயபுரத்துல படகு கட்டுற யார்டுல வேலை. படகுக்கு பிளான் போடுதாம்க்கா."

"படகுக்கு எதுக்குடா பிளான்? மரத்தை அறுத்து ஆணி அடிச்சா ஆச்சு."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'உங்க சட்டைக்கு டெய்லர் அளவெடுத்தாரா, இல்ல துணியை உங்க மேல சுத்தி ஊசி போட்டாரா'ன்னு கேக்குது அந்தப் பொண்ணு. காபி டம்ளரை நீட்டிக்கிட்டே கேக்குது!"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வேண்டாம்," என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து அண்ணன், "எனக்கு வேணும்," என்றான்.

அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் ஸ்டாப் வாட்ச், ஊரே பயப்படும் குரல். வீட்டுக்குள் அவன் அம்மாவை எதிர்த்துப் பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான். அடுத்த மே மாதம் கல்யாணம் ஆயிற்று.

அண்ணி தினமும் காலை மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ராயபுரம் போவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். பெண்கள் பெட்டியில் ஓரத்து ஜன்னல் சீட் காலியாக இருந்தும் அவள் அதில் உட்காரவில்லை. பெட்டியின் நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள்.

"சக்கரத்துக்கு மேல உக்காந்தா இறங்கற வரைக்கும் முதுகுல குத்து. நடுவுல அவ்வளவா தெரியாது. படகும் இப்படித்தான் ரத்தினம். முன்னாடி ரூம் வச்சா ஜன்னல்ல கடல் அழகா தெரியும், ஆனா ராத்திரி பூரா தூக்கித் தூக்கிப் போடும். படுக்கிற எடம் நடுவுலதான் இருக்கணும்."

வேலையில் அவளை டிரேசர் என்றுதான் எழுதியிருந்தார்கள். அதாவது பெரியவர்கள் பென்சிலால் போட்ட பிளானை, மெழுகு பூசிய துணியில் மசியால் நகல் எடுப்பது. இரண்டு வருஷம் நகல் எடுத்தாள். பிறகு ஒருநாள், நகல் எடுக்கவேண்டிய பிளானில் இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் ஒத்துவரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அளந்து பார்த்தார்கள். இரண்டு அங்குலம் வித்தியாசம். அதற்குப் பிறகு முழுப் படகையும் அவளே வரைந்தாள். ஆனால் பிளானின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்குமாம். 'வடிவமைத்தவர்' என்று அதில் எழுதவேண்டும். அங்கே மட்டும் வரைவுப் பிரிவின் தலைவர் ஏகநாதன் கையெழுத்துப் போடுவார். மூன்று வருஷத்தில் ஐந்து படகு. ஐந்திலும் அவர் பெயர்.

"உனக்குக் கோபம் வரலையா அண்ணி?"

"வருது. சேர்த்து வச்சிருக்கேன்."

1969-இல் பல்லாவரத்திலிருந்து ஜெயவேலு என்பவர் யார்டுக்கு வந்தார். தோல் பதனிடும் ஷெட் வைத்திருந்தவர். மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் மனைவி அங்காளம்மாள் வேறு யார் சமைத்ததையும் வாயில் வைக்கமாட்டார். அதனால் சொந்தப் படகு, அதில் சொந்த அடுப்படி. சென்னையிலிருந்து அந்தமான், அங்கிருந்து பினாங்கு. மோட்டாரில் ஓடவேண்டும், வீடு மாதிரி வசதியாக இருக்கவேண்டும். ஏகநாதன் இந்த வேலையையும் அண்ணியின் மேசையில் வைத்தார்.

ஜெயவேலுவுக்கும் அண்ணிக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது.

"இன்னாம்மா, மணிக்கு எட்டு மைலுன்னு எழுதிக்கீற? ஆமை கணக்கா? பதினஞ்சு போடு."

"போடலாங்க. அந்தமான் கண்ணுல படறதுக்கு முன்னாடி டீசல் தீந்துடும். எட்டுல போனா பினாங்கு வரைக்கும் போய் மிச்சமும் இருக்கும்."

"வழியில ரொப்பிக்கினா போச்சு."

"நாலு நாளைக்குத் தண்ணிதாங்க. நடுவுல பங்க் யாரும் வைக்கல."

ஜெயவேலு ஏகநாதனைப் பார்த்தார். ஏகநாதன் கூரையைப் பார்த்தார். எட்டு மைல் நின்றது.

அடுத்து அண்ணி செய்த காரியத்தைத் தாம்பரமே வேடிக்கை பார்த்தது. அண்ணன் ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியை எடுத்துப் போய், பள்ளி மைதானத்தில் படகை முழு அளவில் வரைந்தாள். ஐம்பத்தாறு அடி நீளம், பதினாறு அடி அகலம். உள்ளே படுக்கை, அடுப்படி, குளிக்கும் இடம், இயந்திர அறை. பக்கத்து வீட்டுக் கட்டில், எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. அங்காளம்மாளையும் வரவழைத்திருந்தாள்.

"இதான் அடுப்படியா?" அங்காளம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "எங்க வூட்டு பூஜை ரூம்பு இதைவிடப் பெருசும்மா. தாராளமா போடு."

அண்ணி அந்த அம்மாளை ஸ்டவ் முன்னால் நிற்க வைத்தாள். என்னையும் அண்ணனையும் பக்கத்துக்கு ஒருவராக நிறுத்தி, "தள்ளுங்க," என்றாள். நாங்கள் மாறி மாறிப் பிடித்துத் தள்ளினோம். கரண்டியோடு அந்த அம்மாள் தடுமாறினார். பிறகு அண்ணி பள்ளிக்கூடத்து மேசைகள் இரண்டை அவருக்கு இரண்டு பக்கமும் நெருக்கிப் போட்டாள். மறுபடி தள்ளினோம். இப்போது இடுப்பு மேசையில் சாய்ந்து நின்றது, கரண்டி கையிலேயே இருந்தது.

"அகலமா இருந்தா நீங்க விழுவீங்க. ஒடுக்கமா இருந்தா படகே உங்களைப் பிடிச்சுக்கும்."

அங்காளம்மாள் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பொண்ணு சொல்றமாதிரியே கட்டுங்க," என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, கோட்டைத் தாண்டாமல், படகின் வாசல் என்று வரைந்திருந்த இடம் வழியாகவே வெளியே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மருமகள் பள்ளி மைதானத்தில் ஊர் ஆண்களுக்கு முன்னால் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கோடு போட்டாள் என்று ஆலயத்தில் பேச்சு. அம்மா ஒரு மாதம் அண்ணியோடு பேசவில்லை. அண்ணியும் சமாதானம் பேசப் போகவில்லை.

படகு பாதி எழும்பியபோதுதான் வினை வந்தது. ஜெயவேலுவின் தம்பி பல்லாவரத்தில் மாடி வீடு கட்டிக் குடிபோனார். கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்த மறுநாளே ஜெயவேலு யார்டில் வந்து நின்றார்.

"படகுக்கு ஒரு மாடி வேணும். தேக்குல ஒரு ஹால், சுத்திக் கண்ணாடி. தம்பிக்கு மண்ணு மேல மாடி, எனக்குத் தண்ணி மேல மாடி."

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு மனுஷனை மாடியை வைத்துத்தான் அளப்பார்கள். மாடி இருந்தால் 'மாடி வூட்டுக்காரர்', இல்லையென்றால் வெறும் பெயர். அந்தப் பழக்கத்தைக் கடலுக்கும் கொண்டுபோனார் ஜெயவேலு.

"முடியாதுங்க," என்றாள் அண்ணி. "தலை கனத்தா படகு சாஞ்சா நிமிராது."

"அதான் பிளான்ல ரெண்டு பக்கமும் கம்பம் நீட்டி, தண்ணிக்குள்ள இரும்புப் பலகை தொங்கவிட்டுக்கீறியே. அது புடிச்சுக்காதா?"

"அது ஆட்டத்தைக் குறைக்கும். கவிழறதைத் தடுக்காது."

அன்று சாயங்காலம் ஏகநாதன் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டார். மாடியோடு புதுப் பிளான் வரைந்து கொடுத்தால், கட்டத்தில் அவள் பெயரைப் போட அனுமதிப்பதாகச் சொன்னார். 'வடிவமைத்தவர்: தபீதாள் எலியேசர்.' ஐந்து படகுக்குக் கிடைக்காத பெயர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உன் பேரு வருமே தபீ!"

"தப்பான படகுலதான் என் பேரு வரணுமா? அவருக்குத் தெரியுதுங்க அது தப்புன்னு. இல்லேன்னா அவர் பேரை விடுவாரா?"

மறுநாள் அவள் மறுத்துவிட்டாள். ஏகநாதன் மாடியைத் தானே வரைந்து, வேறு வழியில்லாமல் தானே கையெழுத்தும் போட்டார். அண்ணியைப் பழையபடி நகல் எடுக்க உட்கார வைத்தார்கள். எட்டு மாதம் நகல் எடுத்தாள்.

1970 கடைசியில் படகு தண்ணீரில் இறங்கியது. வெள்ளை உடம்பு, மேலே தேக்கு மாடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணி அங்காளம்மாளுக்கு ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். "ஏறுறதுக்கு முன்னாடி ஒருதடவை ஆட்டிப் பாருங்க." அந்த அம்மாள் பிடிவாதமாக நின்று, ஆட்டிப் பார்த்தால்தான் ஏறுவேன் என்றுவிட்டார்.

ஆட்டிப் பார்ப்பது என்றால் இதுதான். படகைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தி, ஆட்கள் படகின் மேல் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவார்கள். நன்றாக ஆடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, ஒரு ஆட்டம் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் நிமிர்ந்தால் படகு பலமானது. தாமதித்தால் தலை கனம்.

யார்டு முழுக்கக் கூடியிருந்தது. அண்ணி எல்லார் முன்னிலையிலும் சொன்னாள். "என் பிளான்படி அஞ்சு ஆட்டத்துக்கு இருபத்து மூணு செகண்ட். அதுக்குள்ள ஆடி முடிச்சா நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல."

"பந்தயமா?" என்றார் ஏகநாதன்.

"பந்தயம் இல்ல சார். கணக்கு."

அண்ணன் அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, விசிலும் ஸ்டாப் வாட்சுமாக வந்திருந்தான். முன்தளத்தில் ஆறு பேர், பின்தளத்தில் ஆறு பேர். விசில் ஊதினான். இடது. ஊதினான். வலது.

"மாஸ்டர், கபடி ஆடுறோமா, கப்பலை ஆட்டுறோமா?" என்று கத்தினார் ஒரு தச்சர்.

"பேசாம ஓடுறா!" என்ற அண்ணனின் குரலில் கரையில் நின்றவர்களும் நிமிர்ந்து நின்றார்கள்.

படகு ஆடத் தொடங்கியது. ஆட்கள் நின்றார்கள். ஒன்று... இரண்டு... அது மெதுவாக, மிக மெதுவாக, இடது போய், வலது போய், மறுபடி இடது வந்தது. ஜெயவேலுவுக்கு ஒரே சந்தோஷம்.

"பார்த்தியா! இன்னா சொகமா ஆடுது! தொட்டில் கணக்கா! இதைப் போய் கொறை சொன்னியே!"

அண்ணன் வாட்சைப் பார்த்தான். "முப்பத்தேழு," என்றான்.

அண்ணி ஜெயவேலுவிடம் திரும்பினாள்.

"சொகமா ஆடலைங்க. நிமிரலாமா வேணாமான்னு யோசிக்குது. இங்க தண்ணி அசையாம கெடக்கு, யோசிக்க நேரம் இருக்கு. நடுக்கடல்ல அடுத்த அலை காத்துக்கிட்டு நிக்காது."

"ஏகநாதன் சார், இன்னா சொல்றா இந்தப் பொண்ணு?"

ஏகநாதன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அங்காளம்மாள்தான் முடித்துவைத்தார். "யோசிக்கிற படகுல நான் ஏறமாட்டேன். உங்களுக்கு மாடி வேணும்னா தம்பி வூட்டு மாடியில போய் நில்லுங்க. நான் என் பொண்ணைப் பாக்கணும். உயிரோட பாக்கணும்."

ஜெயவேலு தேக்கு ஹாலை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "கழட்டுங்கடா," என்றார்.

திருத்திய பிளானை வரையச் சொல்லி ஏகநாதன் அண்ணியின் மேசைக்கு வந்தார். அண்ணி பேனாவைத் தொடவில்லை. கீழ்மூலைக் கட்டத்தைக் காட்டினாள்.

"இனிஷியல் மட்டும் போட்டுக்கோம்மா. முழுப் பேரு போட்டா மேல இருக்கறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். பதில் என்கிட்ட இருக்கு."

முழுப் பெயரையும் எழுதினாள். மசியில். மாடியைக் கழற்றிய பிறகு மறுபடி ஆட்டினார்கள். அண்ணன் வாட்சு இருபத்து நாலு காட்டியது. ஒரு செகண்ட் எங்கிருந்து கூடிற்று என்று அண்ணி ஒரு வாரம் தேடி, இயந்திர அறைக்கு மேல் யாரோ கனத்த பலகை போட்டுவிட்டதைக் கண்டுபிடித்துத் திட்டினாள்.

1971 பிப்ரவரியில் படகு புறப்பட்டது. பினாங்கிலிருந்து அங்காளம்மாள் மகளை எழுதச் சொல்லி அண்ணிக்கு ஒரு கடிதம் போட்டார். அதில் எனக்கு நினைவிருப்பது ஒரு வரிதான்: 'நடுவில் இரண்டு நாள் பெரிய அலை, ரசம் சிந்தவில்லை.' அந்தக் கடிதத்தை அம்மா என்னிடம் கேட்டு வாங்கி, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அடுத்த படகின் கட்டத்தில் மறுபடியும் ஏகநாதன் பெயரைப் போட்டார்கள். அண்ணி அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியான ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் அழுதான். அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதில் காகிதத்தை விரித்தாள். பினாங்கில் அந்தப் படகைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் கடிதம் எழுதிக் கேட்டார்கள்; விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர். எழுபத்தெட்டு வரை அந்த மேசையில் மூன்று படகு வரைந்தாள். நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். மூன்றிலும் மாடி கேட்டார்கள். மூன்றிலும் மாடி இல்லை. மூன்றிலும் அவள் பெயர் இருக்கிறது.

அண்ணன் போய்ப் பத்து வருஷமாகிறது. தபீதாள் அண்ணி இப்போது கீழ்க்கட்டளையில் மகள் பியூலாவோடு, தரைத்தள வீட்டில் இருக்கிறாள்.