ஆட்டுச் சிறுமூளையும் அண்ணன் நடந்த கோடும்

1. கத்தி வைத்த பக்கம்

எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆரணியில் தறி, பிறகு லாரி கிளீனர், ஹோட்டலில் மாவாட்டல் என்று சுற்றிவிட்டுத் தொண்ணூறுகளில் ஒரு மருத்துவக் கல்லூரியின் அனாடமி லேபில் அட்டெண்டர் ஆனேன். முதல் நாளே ஆட்டுச் சிறுமூளையைத் தப்பாக வெட்டினேன்.

"தறிக்காரன்னு சொன்னியே. பாவு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்காம கத்திய வெச்சிட்டியே" என்றார் டெக்னீஷியன் அம்மா.

சிறுமூளையின் மேலடுக்கில் நரம்பு நார்கள் மடிப்பின் நீளவாக்கில், தறியில் நீளமாகக் கட்டிய பாவு இழைபோல இணையாக ஓடும். பர்கின்ஜி என்ற பெரிய நரம்பு செல்களின் கிளைகள் அவற்றுக்குக் குறுக்கே விசிறியாக நிற்கும். நீளவாக்கில் வெட்டினால் நார் இழையாகத் தெரியும். குறுக்கே வெட்டினால் வெறும் புள்ளி. இந்த அமைப்பு கெட்டவனுக்குக் கைகாலில் வலு இருக்கும், அசைவின் அளவு தவறும். மாணவர்களுக்கு ஸ்லைடு மாற்றிக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

2. சாக்பீஸ் கோடு

லீவில் ஊருக்குப் போனபோது தறி நெய்துகொண்டிருந்த அண்ணனுக்குக் கால் மிதிப்பலகையில் சரியாக விழவில்லை. இழைகள் அறுந்தன. குடிக்கிறான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். அண்ணன் குடிப்பதே இல்லை. பாதிச் சேலையில் முதலாளி பாவை அறுத்து அவனைத் தறியிலிருந்து இறக்கிவிட்டால் ஆரணியில் வேறு எவரும் அவனுக்குப் பாவு தரமாட்டார்கள்.

லேபிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சிறுமூளை ஸ்லைடோடு போய், இது வியாதி என்றேன். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்த ஊரு சேலை பார்டர்பா?"

தறிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. டாக்டர்கள் செய்வதைப் பார்த்திருந்தேன். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, அண்ணனைக் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் அண்ணன் தள்ளாடி முதலாளியின் தோளைப் பிடித்தான்.

"நீயே காட்டிட்டியேபா. இன்னும் இன்னா சாட்சி வேணும்?" என்றவர் கத்தரியை எடுத்துத் தானே பாவை அறுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணன் ஒன்றுதான் கேட்டான்: "நடக்க வையின்னு நான் கேட்டனாடா?"

3. சீட்டு

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குச் சிறுமூளை சுருங்கிக்கொண்டு வருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் காட்டியபோது முதலாளி படித்துப் பார்த்து, "பாவம்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தறியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அண்ணன் அதற்குப் பிறகு எந்தத் தறியிலும் உட்காரவில்லை.

குடித்தவன் தள்ளாடுவதும் இதே சிறுமூளை தடுமாறுவதால்தான். வெளியிலிருந்து பார்த்தால் குடியும் வியாதியும் ஒன்றுதான். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. லேபுக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்வது: எதையும் காட்டும் முன், பார்க்கப் போகிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.