மழைக் கம்பியில் ஒரு பதில்

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எங்கள் தோட்ட ஆபீஸ் டெலிபோன் என் பொறுப்பு. நான் அங்கே கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. வெயில் நாளிலேயே முனகுகிற அந்தக் கம்பி, மழை வந்தால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தாங்காது. அதனால் செய்தியைத் துண்டு துண்டாகச் சொல்வோம். ஒரு துண்டு போய்ச் சேர்ந்தால் எதிர்ப்பக்கத்து ஆள் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவார். இங்கே மணி சிணுங்கும். சிணுங்காவிட்டால் அதே துண்டை மறுபடி சொல்ல வேண்டும். சந்தியில் இருந்த போலீஸ் சாவடிவரை என் குரல் எட்டாது. நடுவில் இருந்த தோட்டத்துக் கிராணி கேட்டு, அங்கே சொல்வார்.

அன்று மத்தியானம் என் மனைவிக்கு இடுப்புவலி கண்டது. தோட்ட லோரியில் கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன். கூடப் போகப் பெரிய கிராணி விடவில்லை. அந்த மனுஷன்மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். லோரி போன கொஞ்ச நேரத்தில், குறுக்குவழியாக, வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவர் மழையில் நனைந்துபோய் ஓடி வந்தார். சாவடிக்கு அப்பால் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். பக்கத்துப் புதரில் துப்பாக்கியோடு ஆட்களாம்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற லோரியைச் சாவடியில் சோதனை போடாமலே விட்டுவிடுவார்கள். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

“எங்க தோட்டத்து லோரி” என்றேன். மணி சிணுங்கியது. “சாவடியிலேயே நிறுத்தணும்.” சத்தமே இல்லை. மறுபடி சொன்னேன். இல்லை. கத்தினேன். கைப்பிடியைப் பைத்தியம்போலச் சுற்றினேன். நிறுத்தி மூச்சு வாங்கியபோது இரைச்சலுக்குள்ளிருந்து நடுத்தோட்டத்துக் கிராணியின் குரல் வந்தது.

“மொதல்லயே கேட்டுச்சு லா. நீ சுத்திக்கிட்டே இருந்தா நான் எப்படி மணியடிக்கிறது, எப்படி அங்க பேசறது? கைய எடுய்யா.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். வெறும் கம்பி இரைச்சல். அவர் பேசுகிறாரா, கம்பியே அறுந்துவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

“இன்னொரு தரம் அடிச்சுப் பாரு தம்பி” என்றார் மண்டோர்.

“சும்மா இருங்கண்ணே” என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே ஆசைதான். அடித்தால் அவர் பேச்சு கெடும். அடிக்காவிட்டால் அவள் சாவடியைத் தாண்டிப் போய்விடுவாளோ. முருகா, முருகா என்பதைத் தவிர வேறு எதுவும் நாக்கில் வரவில்லை.

மணி சிணுங்கியது.

“லோரி நின்னிருச்சு” என்றது குரல். “உன் சம்சாரம் சாவடியில இருக்கு.”

கேட்டதற்கு அடையாளமாக நான் ஒரு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். கை வரவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். என் மணி கேட்காததால் அவர் மறுபடி சொன்னார், லோரி நின்னிருச்சு, உன் சம்சாரம் சாவடியில இருக்கு. அதற்கும் நான் பதில் தரவில்லை. திரும்பவும் சொன்னார். அவர் இன்னும் ஒரு தரம் சொல்லட்டும் என்று இருந்தது எனக்கு.